பிரேக் காய வைக்கப் போனவர்

செய்தி வந்தபோது மணி பதினொன்றே கால். அவள் ஷெட் வாசலில் குந்தி உட்கார்ந்து, ஜீப்பின் தரைவிரிப்பை வாளியில் முக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். எத்தனை தடவை முக்கினாலும் மணல் வந்துகொண்டே இருந்தது. போன் அடித்தது. திரையில் கணவரின் படம். ஈரக் கையை உடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஒரு ரவுண்டுன்னு போனா ஊரையே வளைச்சுட்டுத்தான் வருவீங்களா?"

மறுமுனையில் வேறு குரல். "இந்த நம்பர் 'மேடம்'னு போட்டிருக்கு. கடைசியா இதுக்குத்தான் பேசியிருக்காரு. நீங்க எந்த மேடம்?"

"மேடமெல்லாம் இல்லைங்க. அவர் வீட்டுக்காரி. நீங்க யாரு?"

பேசியவர் போலீஸ்காரர். "வண்டி ஒரு சுவர்ல முட்டிக்கிட்டு நிக்குது. நீங்க கிளம்பி வாங்கம்மா."

மேடம் அம்மாவாக மாறிய அந்த இடத்தில்தான் அவள் வாளியை விட்டு எழுந்தாள்.

காடு, மேடு, ஆற்றுப் படுகை என்று சுற்றிவிட்டு வரும் ஜீப் மாதிரி நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளைக் கழுவுவதுதான் அவர்கள் தொழில். அதற்கு முன் அவர் ஒரு ஷோரூமில் புது வண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "குளிச்சுட்டு வந்தவனை மறுபடி குளிப்பாட்டச் சொல்றான், மானம் போகுது" என்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். மெக்கானிக் ஒருவர் தன் பட்டறையை ஒட்டியிருந்த ஷெட்டை வாடகைக்குக் கொடுத்தார். வண்டியை ஏற்றி நிறுத்த ஒரு ராம்ப், ஒரு பம்ப், நாலு வாளி, இவள். அப்படித்தான் ஆரம்பித்தது. தெருப் பிள்ளைகள் அவருக்குச் 'சேறு மாமா' என்று பேர் வைத்தார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார், பேர் நிலைத்துவிட்டது.

கடற்கரை வண்டி வந்தால் முதலில் அடிப்பாகத்துக்குத்தான் தண்ணீர். உப்பு உட்கார்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். களிமண் வண்டி என்றால் முதலில் நனைத்து ஊறவிட வேண்டும், ஊறுவதற்குள் கையை வைத்தால் பெயின்டில் கீறல் விழும். ரேடியேட்டருக்கு முன்பக்கமிருந்து வேகமாகத் தண்ணீர் அடிக்கவே கூடாது, உள்ளிருந்து வெளியே மெல்ல வழியவிட வேண்டும். இதையெல்லாம் அவர் அவளுக்குப் பாடமாக எடுத்ததில்லை. அவள் தப்பாகச் செய்யும்போது பம்பை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான்.

இவ்வளவு சேற்றைப் பார்த்தவர் சேறு இருக்கும் இடத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறார். வாடிக்கைக்காரரான பல் டாக்டர் வற்புறுத்திக் கூட்டிப் போனார். தார் ரோடு முடிவதற்குள்ளேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி. பாதி வழியில் இறங்கி, எதிரே வந்த லாரியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். "சேறு என்னைத் தேடி வரட்டும், நான் எதுக்கு அதைத் தேடிப் போகணும்?" என்று அதற்கும் ஒரு பெருமை.

சக்கரங்களில் அவர்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை உண்டு. முன் இரண்டும் அவருக்கு, பின் இரண்டும் அவளுக்கு. ரிம்மின் உட்பக்கத்தில் ஒட்டிக் காயும் சேறு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் தங்கிவிட்டால், வேகமாகப் போகும்போது சக்கரம் உதறும், ஸ்டியரிங் கையில் நிற்காது. அதனால் உள்ளே கையை விட்டு மூங்கில் பட்டையால் சுரண்டி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அவள் முடித்த பிறகு அவர் வந்து உள்ளே விரலை விட்டுத் தடவுவார். சேறு ஒட்டினால் விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"இதென்ன மேடம், யாருக்கு ஃபேஷியல்?"

"ஆமா, உங்க அக்காவுக்கு எடுத்து வச்சிருக்கேன்."

கடைசியில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போவார். பிரேக்கில் தங்கிய தண்ணீர் காய வேண்டும். மெல்ல ஓட்டி, அங்கங்கே பிரேக்கை மிதித்து, பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவார். அந்த ரவுண்டிலிருந்துதான் அன்று அவர் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலி என்றார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உயிர் போயிருக்கிறது, வண்டி தானாக உருண்டுபோய்ச் சுவரில் சாய்ந்திருக்கிறது என்றார்கள். அவள் தலையாட்டினாள். எல்லாரும் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். அவளுக்கு மட்டும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. பேயறைந்த மாதிரி இருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

நாத்தனார்தான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஸ்டியரிங்ல என் தம்பி கை தப்பி நான் பார்த்ததே இல்லை. வண்டியில ஏதோ கோளாறும்மா. டாக்டருங்க நம்ம மனசு ஆறட்டும்னு என்னவோ சொல்லிட்டுப் போறாங்க."

ஆறுதலுக்கு வந்த பேச்சு அவள் நெஞ்சில் கத்தியாக இறங்கியது. அவர் போன அன்று மதியம் அவளுடைய தங்கை குடும்பத்தோடு சாப்பிட வருவதாக இருந்தது. அடுப்பு வேலை பாதியில் கிடந்தது. இடது பின்சக்கரத்தில் அவள் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. பட்டையை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றி, தண்ணீரை அடித்துவிட்டு எழுந்துவிட்டாள். அவரும் அன்று விரல் விட்டுப் பார்க்க வரவில்லை. தப்பித்தோம் என்று அவள் சந்தோஷப்பட்டது வேறு நினைவில் இருந்தது.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் நாத்தனார் என்ன சொல்வாள் என்பது இருக்கட்டும். சக்கரம் உதறித்தான் கை தப்பியது, அந்தப் பதற்றத்தில்தான் நெஞ்சு நின்றது என்றால், அவரைக் கொன்றது யார்?

வண்டி மெக்கானிக்கின் பட்டறையில் நின்றது. வண்டி பல் டாக்டருடையது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறேன், யாரும் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம், அவள் பட்டறைக்குள் போனாள்.

"தம்பி, சக்கரத்தைக் கழட்டு."

மெக்கானிக் சாப்பாட்டுப் பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தார். "இப்ப எதுக்கு அண்ணி? பம்பர்ல ஒரு கீறல், அவ்வளவுதான். வண்டில ஒண்ணும் இல்லை."

"பின்னாடி இடது பக்கம். கழட்டு."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து ஸ்பேனரை எடுத்தார். ஜாக்கி ஏறியது. நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சக்கரத்தை உருட்டிவந்து அவள் முன்னால் மல்லாக்கப் போட்டார். அவள் குனிந்து உள்ளே விரலை விட்டாள். சுற்றி வந்தாள். இன்னொரு தடவை சுற்றினாள். விரலில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். சுத்தமாக இருந்தது.

"போதுமா அண்ணி?"

"வலது பக்கம்."

அதுவும் சுத்தம். அவள் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தாள். கழற்ற ஆரம்பித்தவர் அதோடு நிறுத்தவில்லை, முன்பக்கத்துக்கும் போனார். அவருக்கும் மனசில் ஏதோ இருந்திருக்க வேண்டும். இடது முன்சக்கரம் கண்ணாடி போல இருந்தது. வலதைக் கழற்றியவர், திருப்பிப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணி... இங்க வாங்க."

ரிம்மின் ஒரு பாதி பளபளவென்று இருந்தது. மறு பாதியில் சேறு இரண்டு விரல் கனத்துக்கு அப்படியே காய்ந்து கிடந்தது. பாதி சவரம் செய்து எழுந்துபோனவன் கன்னம் மாதிரி, நடுவில் ஒரு நேர்கோடு.

"அண்ணன் இப்படி விடமாட்டாரே," என்றார் மெக்கானிக்.

"இதனாலயா தம்பி?"

"இல்லை அண்ணி. அந்த ரோட்டுல, அந்த வேகத்துல இது தெரியவே தெரியாது. சத்தியமா சொல்றேன். இதனால ஒண்ணுமில்லை."

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டில்தான் அவருக்கு வலி வந்திருக்கிறது. அன்று அவள் நாலு அடி தள்ளிப் பின்சக்கரத்தில் குனிந்திருந்தாள். "முடிஞ்சுதா?" என்று அங்கிருந்தே கேட்டாள். "ஆச்சு மேடம், ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்" என்றார். அவர் குரலில் ஒன்றும் தெரியவில்லை. சக்கரத்தைப் பற்றி அவர் அவளிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அப்போதுதான் அவள் அழுதாள். மெக்கானிக் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்க் குழாயை எடுத்தார். "விடுங்க அண்ணி, நான் கழுவி மாட்டிடறேன்."

"வேணாம் தம்பி. அது அவர் பங்கு."

மற்ற மூன்று சக்கரங்களையும் மெக்கானிக் திரும்ப மாட்டிவிட்டார். நாலாவது பட்டறைச் சுவரோரம் சாத்தியிருக்கிறது. அதன் உட்பக்கத்தில், பாதி வட்டத்துக்கு, இன்னும் சேறு இருக்கிறது.