முட்டை போட்ட பலகை

நான் நர்ஸாக வேலை பார்க்கும் வீட்டில், சார் மண்டியிட்டு உட்கார்ந்து, மஞ்சள் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துத் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். மனைவியின் ஊன்றுகோல் நிற்க வேண்டிய இடம் அது. அதைச் சுற்றி ஒரு சதுரம். ஓரம் கோணாமல் கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்க்கிறார். செருப்புக்கும் குப்பைக்கூடைக்கும் ஏற்கெனவே ஆயிற்று. “இடம் காலியா இருந்தா, பொருள் காணோம்னு பார்த்தவுடனே தெரியணும் சிஸ்டர். தேடுறது வேலை இல்ல, நஷ்டம்” என்கிறார். சமையலறை இழுப்பறைக்குள் கரண்டிகளின் உருவத்தைக்கூட வரைந்து வைத்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த அன்று அதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். எனக்கும் ஒரு கோடு போட்டு அதற்குள் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

தகர மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் அவர் மேலாளர். ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. அங்கே அவருக்கு ‘ஏன் சார்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும், கோபமில்லை. எது கெட்டாலும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்பார். முதல் பதில் சாக்கு, ஐந்தாவது பதில்தான் காரணம் என்பது அவர் பயிற்சிக்குப் போய்க் கற்றுவந்த பாடம். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அதே கேள்விகள்தான். அவர் மனைவிக்குப் பக்கவாதத்தில் இடப்பக்கம் தளர்ந்துவிட்டது. வாய் தளரவில்லை. “பொங்குறது பாலோட சுபாவம்னு ஒரே பதில்ல முடிச்சேன் அக்கா. மிச்சம் நாலையும் கேட்டுட்டுத்தான் இவரு அடுப்பைத் துடைச்சாரு” என்பார் என்னிடம். அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் வந்தேன்.

காப்பி குடிக்கும்போது சார் பழைய கதை சொல்வார். “நான் சேர்ந்த காலத்துல பெரிய முதலாளிக்கு ஒரே கேள்விதான் தெரியும். ‘யாருடா அது?’ மாட்டினவன் தொலைஞ்சான்.” பிறகு கடிகாரத்தோடு ஆட்கள் வந்தார்களாம். தொழிலாளி மூக்கைச் சொறிந்தால்கூட அதற்கு எவ்வளவு நேரமானது என்று குறித்தார்கள். “மனுஷனையும் மிஷினோட ஒரு பல் சக்கரமாத்தான் பார்த்தாங்க.” அதற்கும் பிறகு வந்தவர்கள்தான் ‘யார்’ என்று கேட்காதே, ‘ஏன்’ என்று கேள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். “ஆளைத் திட்டாமலே வேலையைத் திருத்தலாம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது சிஸ்டர்” என்பார். நல்ல மனிதர். அதனால்தான் நடந்தது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

கட்டிலருகே அழைப்பு மணியின் பொத்தான் இருக்கிறது. எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. மணி எத்தனை முறை அடித்தது என்று மாலையில் என்னைக் கேட்டு அதில் எழுதுவார். என்ன வேண்டும் என்று நாமே முன்கூட்டித் தெரிந்து செய்துவிட்டால் நோயாளி கூப்பிடவே வேண்டாம். எண் குறையக் குறையக் கவனிப்பு உயர்கிறது என்று பொருள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எண்ணும் மளமளவென்று இறங்கியது. ஒருநாள் மணி அடிக்கவே இல்லை. பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டு, “முட்டை! இன்னிக்கு முட்டை!” என்று கைதட்டிச் சிரித்தார். நான் படித்த பள்ளிக்கூடத்தில் முட்டை வாங்கினால் முதுகில் விழும். இந்த வீட்டில் கைதட்டல்.

அந்த நாட்களில் அந்த அம்மா தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். ஊற்றி வைத்த டம்ளர் ஊற்றியபடியே இருக்கும். உதடு வெடித்தது, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனது. டாக்டரிடம் சொல்லி ரத்தம் சோதித்தும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. கேட்டால், “தாகமே எடுக்கல அக்கா” என்பார். பக்கத்தில் உட்கார்ந்து வாய் வாயாகக் குடிக்க வைத்தேன்.

ஒரு மதியம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே தொப்பென்று சத்தம். ஓடிவந்து பார்த்தால் அந்த அம்மா குளியலறை வாசலில் கிடக்கிறார். நெற்றியில் ரத்தம், மணிக்கட்டு கோணிக் கிடக்கிறது, புடவை நனைந்திருக்கிறது. மணி அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் துணையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், தையலும் மாவுக்கட்டும் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இடுப்பு தப்பியது பெரும் புண்ணியம்.

சேதி தாமதமாகக் கிடைத்துத் தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்தவர் வாசலிலேயே கத்தினார்: “யாரு? அப்ப யாரு கூட இருந்தது?”

“நான்தான். மாடியில இருந்தேன். மணி அடிக்கல” என்றேன்.

‘யார்’ என்று கேட்டுவிட்டோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் சுருங்கியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா விழுந்த?”

“தனியா எழுந்தேன்.”

“ஏன் தனியா?”

“பெல் அடிக்கல.”

“அதான் ஏன்?”

“அடிச்சா பலகையில ஏறுமே. சாயங்காலம் வரைக்கும் தாங்கிடலாம்னு பார்த்தேன். முடியல.”

“பலகையில ஏறினா ஏறட்டுமே! ஏன்மா?”

அந்த அம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவரை. “அன்னிக்கு முட்டை போட்டப்போ நீங்க சிரிச்சீங்க. நான் படுத்ததுலேர்ந்து அப்படி நீங்க சிரிச்சதே இல்ல. தண்ணி குடிக்காம இருந்தா தினம் முட்டை போடலாம்னு கண்டுபிடிச்சேன்.”

எத்தனையோ கட்டிலருகே நின்றவள் நான். வலியை மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; மாத்திரையைத் துப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு எண்ணுக்காகத் தாகத்தை அடக்கிய நோயாளியை அன்றுதான் பார்த்தேன்.

அவர் வாயைத் திறந்தார். ஐந்தாவது ‘ஏன்’ வரவில்லை. பிறகு, “தொழிற்சாலை கேட்லயும் இதே மாதிரி ஒரு பலகை மாட்டியிருக்கேன் சிஸ்டர்” என்றார். “இந்த மாசம் எத்தனை விபத்துன்னு. முட்டை வந்தா அந்த ஷிப்டுக்கே பரிசு. எல்லா மாசமும் முட்டைதான்.” உள்ளங்கையை வெறித்துப் பார்த்தார். “தகரம், சிஸ்டர். பிளேடு மாதிரி இருக்கும்.”

மறுநாள் காலை அந்த அம்மாவின் தங்கை துணைக்கு வந்தார். “மருந்துப் பெட்டியோட என்கூட தொழிற்சாலைக்கு வர முடியுமா?” என்று சார் என்னிடம் கேட்டார். போனேன். இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார்.

“கையுறையைக் கழட்டுங்க. கையைப் பார்க்கணும்.”

யாரும் அசையவில்லை. “ரேகை பார்க்கவா சார்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்து, சட்டென்று அடங்கினார்கள்.

“பரிசு போகாது. யார் பேரும் கேட்க மாட்டேன். நான்தான் உங்களை இப்படி ஆக்கிட்டேன். காட்டுங்க.”

முன்வரிசையில் நின்ற பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துவிட்டு, இடக்கைக் கையுறையை மெல்ல உருவினாள். இரண்டு விரல்களை எண்ணெய்த் துணியால் சுற்றியிருந்தாள். துணியைப் பிரித்தபோது நாற்றம் குப்பென்று வந்தது. நகத்தடி கறுத்துச் சீழ் கட்டியிருந்தது. “சும்மா கீறல்தான்மா” என்றாள் என்னிடம். அவளுக்குப் பின்னால் ஒரு கையுறை கழன்றது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசை முழுவதும் அந்தச் சத்தம்தான். ஆறிய வெட்டு, ஆறாத வெட்டு, ஒருவனுக்கு விரல் நுனியே இல்லை. அவன் சூப்பர்வைசர்.

பெட்டியைத் திறந்து, கழுவத் தண்ணீர் கேட்டேன்.

அவரே போய் ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்தார். முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். “ஐயையோ, எழுந்திருங்க சார்” என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவர் எழவில்லை. பேசினை இரண்டு கையாலும் இன்னும் கொஞ்சம் உயர்த்தி, அவள் கைக்கு எட்டும்படி பிடித்துக்கொண்டார்.