கஞ்சி போட்ட சுக்கான்

ஆவுடையப்பன் போருக்குப் போய் வந்தவர் என்பதில் ராஜபாளையத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அங்கே போய் என்ன செய்தார் என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியாது. 1943 மார்ச் முதல் 1946 மே வரை, மூன்று வருடம் இரண்டு மாதம், அம்பாலா விமானத் தளத்தில் அவர் பார்த்தது தையல் வேலை. அந்தக் காலத்துப் பயிற்சி விமானங்களின் இறக்கையும் வாலும் சட்டத்தின்மேல் இழுத்துத் தைத்த பருத்தித் துணிதான். கிழிந்தால் புதுத் துணி தைத்து, அதன்மேல் டோப் என்கிற ஒருவகை வார்னிஷைப் பூசுவார்கள். டோப் துணிக்குள் இறங்கிக் காயும்போது, மத்தளத் தோல்போல அதை இறுக்கிவிடும். விரலால் தட்டினால் 'டம்' என்று கேட்க வேண்டும். கேட்டால் விமானம் மேலே போகலாம்.

விமானங்கள் போயின. ஆவுடையப்பன் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஊர் திரும்பியதும் இந்த ஒரு விவரத்தைச் சொல்ல மறந்துவிட்டார். நாற்பத்திரண்டு வருடமாக மறந்துகொண்டே இருந்தார்.

1988 ஜூன் மாதம் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. வடக்கே ஒரு காட்சிசாலையில் போர்க்காலத்து டைகர் மாத் விமானம் ஒன்றைப் புதுப்பிக்கிறார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் தபால் அட்டை போடலாம். ஆவுடையப்பன் பதினோரு பக்கம் எழுதினார். ஜூலை 11 அன்று வைகுண்டராஜ் என்ற அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே விமானத்தை இடம் வலம் திருப்பும் வால் சுக்கான், துணி இல்லாத வெறும் சட்டமாக, மீன் முள்போல. டோப் நாலு டின்.

"இந்த ஒரு சுக்கான் சரியா வந்தா ரெண்டு இறக்கையும் உங்க கையாலதான் சார். வரலைன்னா, கடையில கெடைக்கிற நைலான் துணிய ஒட்டிட்டுப் போயிர வேண்டியதுதான். ஆகஸ்ட் இருபதுக்கு வாரேன்."

தனக்கு உண்மையிலேயே தெரிந்த ஒரே வேலையைக் கேட்டு ஒருவர் வாசல் ஏறி வந்தது அறுபத்தாறு வயதில்தான். அன்று ராத்திரியே ஆவுடையப்பன் ஊசிப் பெட்டியைத் தேடி எடுத்தார்.

ஆறு கஜத் துணிக்காக எந்த மில்லும் தறியை நிறுத்தாது. அதனால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கைத்தறி நெய்யும் ராக்கப்பனைப் பிடித்தார்.

"அங்குலத்துக்குப் பாவு எண்பது இழை, ஊடை எண்பது இழை. நெய்ஞ்சு முடிச்சதும் ஒரு பொட்டுக் கஞ்சி இல்லாம அலசிரணும், இல்லாட்டி மேல பூசுற பூச்சு உள்ள எறங்காது."

"கஞ்சி இல்லாமத் துணியா? சட்டை போடாமக் கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்குமே அண்ணாச்சி."

"இது சேலை இல்லப்பா, ஏரோப்ளேனு."

"அதையும் நாலு பேரு பாக்கத்தான வைக்கப் போறாக?"

துணி வந்தது. வெள்ளை வெளேரென்று, மடிப்பு கத்திபோல நின்றது. ஆவுடையப்பன் பூதக்கண்ணாடி வைத்து இழை எண்ணினார். எண்பதுக்கு எண்பது. எடை போட்டார். சதுர கஜத்துக்கு நாலு அவுன்ஸ் இருக்க வேண்டியது, ஐந்து இருந்தது. நோட்டில் ஐந்து என்று எழுதி, பக்கத்தில் 'திடமான துணி, மிக நன்று' என்றும் எழுதினார். மில் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம், கஞ்சியால் எடை ஏறிய துணிகளைக் கண்டுபிடித்ததற்காகவே பதவி உயர்வு வாங்கிய மனிதர் எழுதினார்.

ஒன்பது நாள் தைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சு.

"ஒரு ஜாக்கெட் பட்டன் தைக்கச் சொன்னா கண்ணு தெரியலம்பீக," என்றாள் மனைவி சந்தனம்.

டோப் மூன்று பூச்சு ஆனது. சுக்கான் பளபளத்தது. தட்டினார். 'பொத்' என்றது. சாரல் காலம், ஈரக் காற்று என்று நோட்டில் எழுதிவிட்டு மின்விசிறியைப் போட்டார். மறுநாளும் 'பொத்'. காதில் கோளாறு என்று டாக்டரிடம் போனார். காது நன்றாக இருந்தது. அது அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

ஆகஸ்ட் 19 காலையில் ஓர் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். டோப் அப்பளம்போல உரிந்து வந்தது. அடியில் துணி நனையவே இல்லை. மிச்சத் துணியில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டார். மில்லில் தினம் செய்த சோதனைதான். கஞ்சி இருந்தால் நீலமாகும். துணி மை கொட்டியதுபோல நீலமானது.

அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். ராக்கப்பன் பெண்டாட்டி அய்யம்மாள்தான் பேசினாள்.

"நீங்க சொன்னபடி அலசித்தான் வச்சாக அண்ணாச்சி. தொவண்டு போயி கெடந்துச்சு. மில்லுல இருந்த மனுசருக்கு இப்படியா குடுக்கிறதுன்னு நான்தான் நல்லாக் கஞ்சி போட்டு மடிச்சேன்."

அவளை என்ன சொல்ல? ஐந்து அவுன்ஸ் என்று எழுதியது அவர் கை.

மறுநாள் வைகுண்டராஜ் வந்துவிட்டார். ராக்கப்பனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். வைகுண்டராஜ் சுக்கானைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பிரமாதம் சார்! கண்ணாடி மாதிரி இருக்கு. இறக்கைய அடுத்த மாசமே அனுப்பிருதேன்."

சும்மா இருந்திருக்கலாம். பறக்காத விமானம், கயிறு கட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கப் போவது. டோப் உரிய இரண்டு வருடமாவது ஆகும். அதற்குள் தன் உயிரே உரிந்து போனாலும் போகலாம் என்று ஆவுடையப்பன் கணக்குப் போட்டார். போட்டுவிட்டு, "செத்த நேரம் பொறுங்க" என்று சுக்கானைத் தட்டினார். 'பொத்.' கீறிய ஓரத்தைப் பிடித்து ஒரு சாண் உரித்தும் காட்டினார்.

வைகுண்டராஜ் முகம் சுருங்கியது. "இது பறக்கப் போறதில்லையே சார்..."

"பறக்காதுதான். நானுந்தான் ஒருநாளும் பறந்ததில்ல. ஆனா தட்டுனா சத்தம் வரணும்."

ராக்கப்பன் நிமிர்ந்தான். "பறந்ததில்லையா? ஜப்பான்காரன வெரட்டுனேன்னு சொன்னீகளே அண்ணாச்சி?"

"தச்சேன்."

வைகுண்டராஜ் உரிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "செப்டம்பர் பதினஞ்சு. அதுக்கு மேல நைலான்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராக்கப்பன் மறுபடி நெய்தான். நாலு தடவை அலசினார்கள். ஒவ்வொரு தடவையும் டிங்சர் விட்டுப் பார்த்தார்கள். துணி காயும்வரை அய்யம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கஞ்சிப் பானையோடு போன பெண்களையெல்லாம் எட்டிப் போகச் சொன்னாள். நாலு அவுன்ஸ். இந்தத் தடவை ஆவுடையப்பன் எண்ணை மட்டும் எழுதினார், பாராட்டு எழுதவில்லை.

பழைய துணியைப் பிரித்துப் போட்டு, புதுசைத் தைத்து, மிச்ச டோப்பைப் பூசினார். செப்டம்பர் 15 அன்று எல்லோர் முன்னாலும் விரலை மடக்கித் தட்டினார்.

'டம்.'

வைகுண்டராஜ் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, இறக்கைகளுக்குத் தேதி குறித்தார். ராக்கப்பன் தட்டினான். அய்யம்மாள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். சந்தனம்கூட வந்து தட்டினாள். கை வைக்காதீர்கள், அழுக்குப் படும் என்று சொல்ல வேண்டிய ஆவுடையப்பன் அதற்குள் ஆறாவது தடவை தட்டிக்கொண்டிருந்தார்.