மணிக்கட்டில் மஞ்சள் துணி

மற்றவர்கள் பேசியதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இத்தனை வருடம் வீட்டில் இலவசமாகச் செய்த வேலைதானே என்பார் என் கணவர். இந்த வேலைக்கு முன்னால் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்குப் பிழை பார்த்தேன். தினம் கிழிக்கிற தாளில் ஓர் அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்தால் மொத்த ஆர்டரும் திரும்பி வரும், முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அந்தப் பயத்தில் பழகிய கண் இன்னும் அடங்கவில்லை.

இப்போது என் வேலை ஒரு பாட்காஸ்டுக்கு. பெண்களின் தொழில்முறை ஹாக்கி லீக்கைப் பற்றிச் சென்னையிலிருந்து இரண்டு பேர் தமிழில் வாராவாரம் பேசுகிறார்கள். ஒருவர் பழைய கோல்கீப்பர், இன்னொருவர் வர்ணனையாளர். நான் பள்ளிக்கூடத்தில் மட்டை பிடித்தவள். விருதுநகர் வீட்டில் சமைத்துக்கொண்டே அவர்கள் பேசுவதைக் கேட்பேன், தப்பாகச் சொன்னால் கரண்டியோடு போனைத் திட்டுவேன். ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் தப்புகளையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன். சில வாரம் மூச்சே இல்லை. பிறகு, வெளியிடுவதற்கு முன்பே சரிபார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். வர்ணனையாளர் பரவாயில்லை, ஓரளவு படித்துவிட்டுப் பேசுவார். கீப்பர் வாயைத் திறந்தால் கதைக்குக் கையும் காலும் முளைத்துவிடும். அவர் தடுத்த பந்துகள் அன்றைக்கு வந்ததைவிட இன்றைக்கு வேகமாக வருகின்றன.

சேரும்போதே ஒரு விதி போட்டேன். நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது சம்பந்தப்பட்டவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பேச்சை வெட்டிவிட வேண்டும். யாருக்காகவும் விதியை வளைக்கக் கூடாது என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி வைத்தேன். அது என் தலையிலேயே வந்து விடிந்தது இந்தப் பங்குனியில்.

எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்கு முந்தைய நாள் மத்தியானம் அந்த வாரத்து ஒலிப்பதிவு வந்தது. வழக்கமான அரட்டை ஓடிக்கொண்டிருந்தபோது கீப்பர் குரலைத் தாழ்த்தினார். விருதுநகர்ப் பெண் ஒருத்தியைப் பற்றிய பேச்சு. பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்துக்கொண்டு வந்து கோலுக்குள் வீசுகிறவள். போன சீசனில் அவளை யாரும் எடுக்கவில்லை. இந்த முறை ஓர் அணியில் ஆள் அடிபட்டு இடம் காலியாக, அதற்கு இவள் பெயர் பலமாக அடிபட்டது. மறுநாள் காலையில் அந்த அணி முடிவு செய்கிறது. கீப்பர் சொல்கிறார், அவள் மணிக்கட்டு முறிந்துவிட்டதாம், வடக்கே நடந்த பயிற்சி முகாமிலிருந்து பாதியில் ஊருக்குப் போய்விட்டாளாம், கையில் கட்டோடு நிற்கிற படம் இருக்கிறதாம், இந்தச் சீசன் அவளுக்கு அவ்வளவுதானாம்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பாட்காஸ்டை அணிக்காரர்கள் கேட்கிறார்கள். சாயங்காலம் இது வெளியே போனால் நாளைக் காலையில் அவளை எவன் எடுப்பான்? மணிக்கட்டுதான் அவளுக்குச் சோறு.

படத்தை வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் புடவை, குனிந்த தலை, இடது மணிக்கட்டில் மஞ்சள் துணி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மனுக்கு அக்னிச்சட்டி எடுக்கிறவர்கள் மஞ்சள் உடுத்திக் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் சட்டி எடுத்து முடிக்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் இந்த ஊரில் பிறந்த எவளுக்கும் இது தெரியும். அவள் முகாமிலிருந்து ஓடிவரவில்லை, காப்புக் கட்ட வந்திருக்கிறாள்.

படத்தைப் பெரிதாக்கினேன், சிரிப்பு அடங்கிவிட்டது. காப்பு என்பது மஞ்சள் தடவிய மெல்லிய கயிறு. இவள் கையில் இருந்தது நாலைந்து சுற்றுத் துணி. ஆஸ்பத்திரிக் கட்டு என்று ஒருவர் சொன்னால் சண்டை போட முடியாது.

வர்ணனையாளரைக் கூப்பிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், உங்க ஊர்ப் பொண்ணுன்னு விதிய மாத்தாதீங்க. ஆறு மணிக்குள்ள ஆதாரம் கொடுங்க, எடுத்துடறேன்" என்றார். ஆதாரம் இல்லாமல் அவர்கள் சொன்னது மட்டும் எப்படி நிற்கும் என்று கேட்டேன். படம் இருக்கிறதே என்றார். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். நம்பர் தேடிப் பிடித்துக் கூப்பிட்டால் அந்தப் பெண்ணின் போன் அணைந்து கிடந்தது.

கணவர் கணக்கு வாத்தியார், எதற்கும் பதறாதவர். அவரை வண்டி எடுக்கச் சொன்னேன். மாவட்டத்தில் ஹாக்கி ஆடுகிற பிள்ளைகள் சூலக்கரைப் பக்கத்து மைதானத்தில்தான் கூடுவார்கள். தெருவெல்லாம் பந்தல், மைக்செட், வெளியூர்க் கூட்டம். நான் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைக் குத்திக் குத்தி அந்தக் கூட்டத்தைக் கடந்தோம். மைதானத்தில் யாரும் இல்லை. காவலாளி நாங்கள் கேட்டதும், அந்தப் பிள்ளை இந்தப் பக்கம் தலைகாட்டியே நாளாச்சு என்றார், கையில் ஏதோ கட்டு என்று அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். கீப்பர் சொன்னது உண்மையாகவே இருந்தால்? என் விதிப்படி நானே "சரி" என்று போட்டு அனுப்ப வேண்டும்.

கணவர் வண்டி இன்ஜினை அணைக்காமலேயே நின்றிருந்தார். "காப்புக் கட்டுன பிள்ளைன்னு நீதான சொன்னே. எல்லை தாண்டி இங்கன எப்படி வரும்?" என்றார்.

இத்தனை வருடத்தில் அந்த மனிதர்மேல் இவ்வளவு பாசம் எனக்கு வந்ததில்லை. வந்த வழியே திரும்பினோம். ஊருக்குள் மட்டை சுழற்ற இடம் என்றால் பள்ளிக்கூட மைதானங்கள்தான். இரண்டாவது பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அப்பால் டம் டம் என்று பலகையில் பந்து மோதுகிற சத்தம் கேட்டது. ஓடும் வண்டியிலிருந்து குதித்திருப்பேன், கணவர் புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டார்.

அவள்தான். மஞ்சள் சுடிதார், ஷூ இல்லாத கால். எதிரே இரும்புக் கம்பத்தில் பலகை சாய்த்த கோல். வட்டத்து விளிம்பிலிருந்து பந்தை இழுத்து, இடுப்பைத் திருப்பி, வீசினாள். பலகையின் மேல் மூலையில் போய் மோதியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

நான் யார், எதற்கு வந்தேன் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். விரதத்துக்காகப் போனை அணைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள், ஒன்றும் தெரியாது. காப்பு என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று, வீட்டில் விசேஷம் என்று மட்டும் முகாமில் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். துணி எதற்கு என்று கேட்டேன்.

"மட்டை உரசி உரசி காப்பு நைஞ்சு போகுதுக்கா. நடுவுல அறுந்தா ஆத்தாவுக்கு ஆகாதுல்லா, அதான் பழைய சேலைய கிளிச்சு மேல சுத்திருக்கேன்" என்றாள். சுற்றை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே மஞ்சள் கயிறு, ஒரு பக்கம் பிரி பிரியாக. கையை மடக்கினாள், நீட்டினாள், என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு வலித்தது.

காயம் என்று அவர்கள் காட்டிய துணி, அவள் ஓயாமல் ஆடுவதால் கட்டிய துணி. அதை அவளிடம் சொல்லச் சொல்ல எனக்கே பரபரப்புத் தாங்கவில்லை. மறுபடி சுற்றச் சொல்லி, மூன்று நான்கு தடவை வீசச் சொல்லி, கணவரைப் படம்பிடிக்க வைத்தேன். கை ஆடாமல் பிடிக்கச் சொல்லி அவரை வைதேன், ஆடியது என் பேச்சுச் சத்தத்தால் என்றார்.

காப்பு விவரத்தையும் எழுதி அனுப்பிய உடனே கீப்பரே கூப்பிட்டார். அழகான வீச்சுதான், ஆனால் போன வருடத்து வீடியோ இல்லை என்று எப்படி நம்புவது என்றார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். "கட்டுன்னு சொன்ன அந்தப் படத்தையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க சார். அதே துணி, ஓரத்துல அதே கிழிசல். காப்பு கட்டியே சில நாள்தான் ஆகுது, நாளைக்கழிச்சு சட்டி எடுத்ததும் அது இருக்காது" என்றேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு, மனிதரைப் பாராட்ட வேண்டும், அந்தப் பகுதியை மறுபடி பதிவு செய்யப்போகிறோம், வீடியோவையும் சேர்த்துப் போடுகிறோம் என்றார். ஆறு மணிக்குச் சற்று முன்னால் புது ஒலிப்பதிவு வந்தது. தான் தப்பாகச் சொல்லவிருந்ததைத் தானே சொல்லிச் சிரித்திருந்தார். நான் "சரி" போட்டேன்.

மறுநாள் காலையில் அந்த அணி அவளை எடுத்தது. உடனே கிளம்பி வா என்றார்கள். காப்பு இருக்கிறது, சட்டி எடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று இந்த முறை மறைக்காமல் சொல்லிவிட்டாள். அணியில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். செய்தி கேட்டு எனக்குப் போன் செய்த கீப்பர் பதறினார். கையை நம்பி எடுத்திருக்கிறார்கள், அந்தக் கையில் நெருப்பா, நீங்களாவது சொல்லக் கூடாதா என்றார். அது என் வேலை இல்லை என்றேன்.

பொங்கலுக்கு மறுநாள், சட்டி எடுக்கிற அன்று எங்கள் தெருவில் வழக்கம்போல ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம், வருகிறவர்களுக்குக் கால் சுடாமல் இருக்க. கணவர் குடத்தோடு முன்னால் நின்றார். கூட்டத்தின் நடுவில் அவள் வந்தாள். வேப்பிலைக்கு மேல் சட்டி, அதில் நெருப்பு தகதகவென்று எரிந்தது. என்னைப் பார்த்தும் அவள் பார்வை சட்டியை விட்டு நகரவில்லை. அந்த நேரம் பார்த்து மறுபடி போனில் கீப்பர். மேளச் சத்தத்தில் அவர் கத்துவது பாதிதான் கேட்டது. எந்தக் கையில் எடுத்திருக்கிறாள், வலது கைதானே, இடது கையில் இல்லையே என்று கேட்கிறார்.

"ரெண்டு கையிலயும் சார்" என்றேன். "நேர்ல பாத்துட்டுத்தான் சொல்றேன். கை ஆடவே இல்ல."