மண் பார்த்து வாங்கிய மனை

பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் நடத்துகிறேன். நகரங்கள் ஏன் வளர்கின்றன என்ற பாடம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வேலை, படிப்பு, ஆஸ்பத்திரி தேடி ஜனங்கள் வருகிறார்கள். லாகோஸோ டாக்காவோ திருச்சியோ, எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான் என்று பிள்ளைகளிடம் ஜம்பமாகச் சொல்லியிருக்கிறேன். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். என் பெண்ணின் படிப்புக்காகவும் அப்பாவின் இருதய வைத்தியத்துக்காகவும் முசிறிப் பக்கத்து வாழைத்தோட்டத்தை விற்றுவிட்டு, காட்டூரைத் தாண்டிப் புதிதாகப் போட்ட நகரில் மனை வாங்கினோம்.

மனையைத் தேர்ந்தெடுத்தது அப்பா. நான் ரோட்டோர மனைகளைக் காட்டினேன். அவர் கோடியில் தாழ்வாகக் கிடந்த மனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணை அள்ளிக் கசக்கி, மோந்து பார்த்து, அசல் வண்டல், வாழை வைத்தால் பிய்த்துக்கொண்டு வரும் என்றார். வாழை வைக்கவா வாங்குகிறோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நானும் முசிறிக்காரன்தானே, நல்ல மண் என்றதும் மயங்கிவிட்டேன்.

குடிவந்த பிறகு வந்த முதல் ஜூன் மாதம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கொல்லைக் கதவுக்கு அடியில் தண்ணீர் வந்தது. டேங்க் வழிகிறது என்று மாடிக்கு ஓடினேன். டேங்கில் பாதிதான் இருந்தது. இறங்கி வருவதற்குள் கூடத்தில் கணுக்கால் அளவு செந்தண்ணீர். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு அங்கே மழையா என்று கேட்டேன். வெயில் கொளுத்துகிறது, உனக்கென்ன ஆச்சு என்றாள். என் மனைவி பெண்ணின் புத்தகங்களைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டே அழுதாள். இருந்ததையெல்லாம் போட்டுக் கட்டிய வீடு கண்ணெதிரே ஊறிக்கொண்டிருந்தது.

அப்போது கொல்லைப்பக்கமாக ஒருவர் தண்ணீரை மிதித்துக்கொண்டு வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் மண்வெட்டி. நகருக்கு அந்தப் பக்கம் அவருக்கு வயல் இருக்கிறதாம். அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும் காலையில் மடை திறந்துவிட்டு, அடைப்பை எடுத்துவிட்டபடி தண்ணீருக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார்.

"தண்ணி வயலுக்கு வந்து சேரலைங்க. நாத்தங்கால் காயுது," என்றவர், எங்கள் கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "வாய்க்கா இது வழியாத்தாங்க போகும்."

மனை போட்டவர்கள் வாய்க்காலைத் தூர்த்துச் சமன்படுத்தி விற்றிருக்கிறார்கள். அப்பா மோந்து பார்த்த வண்டல், அந்த வாய்க்கால் வருஷக்கணக்காகக் கொண்டுவந்து போட்டது. அது எப்படி அங்கே வந்தது என்று கேட்க, வாழையிலேயே வாழ்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த கடப்பாரையை எடுத்துப்போய் முன்பக்கத்துச் சுற்றுச்சுவரில் ஓங்கிக் குத்தினார். இரண்டு கல் பெயர்ந்தது. பதறிப்போய் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பிறகு நானே இடித்தேன். தண்ணீர் எங்கள் சுவர் வழியாக வெளியேறி, தெருவோரமாக அந்த வயல்காரரின் வயலைப் பார்க்கப் போனது.

மறு வருஷம் ஜூன் வந்தது, தண்ணீர் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அப்பாவுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை, அந்த வயலைப் பார்க்கக் கிளம்பினார். திரும்பி வந்து, வயல் முழுக்க மனை பிரிக்கிற மஞ்சள் கல் நட்டிருக்கிறது என்றார். சுற்றிலும் வீடு வந்துவிட்டது, ஒற்றை வயலுக்காக யார் வாய்க்கால் வெட்டுவார்கள் என்று வயல்காரர் விற்றுவிட்டாராம். ஜனங்கள் நகரத்தைத் தேடி வருவதைத்தான் இத்தனை வருஷமும் நடத்தியிருக்கிறேன். நகரமே ஒருவருடைய வயலைத் தேடிப் போகும், அதில் என் வீடும் சேர்ந்து போகும் என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை.

அவரும் இப்போது மனை பார்க்கிறாராம்.

"மண்ணைப் பாக்காதீங்க, தண்ணி எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன்," என்றார் அப்பா.

இடித்த சுவரை அடைக்கக் கொத்தனாரை வரச்சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் போய், தண்ணீருக்கு வழிவிடுகிற மாதிரி, சுவரின் இடைவெளியில் சேர்ந்திருந்த சருகை வாரி ஒதுக்கினார்.