கைக்கு வராத தையல் மெஷின்

போன மார்கழியில், லண்டன் நோர்பரியில் நடந்தது இது. வட்டியில்லாமல் சின்னக் கடன் கொடுக்கும் ஓர் இஸ்லாமிய நிதி அலுவலகத்தில் நான் வேன் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு என்னைக் கைகழுவியது. கணக்கில் நான் எடுத்த புள்ளி என் செருப்பு அளவைவிடக் குறைவு.

எங்கள் அலுவலகம் காசைக் கையில் கொடுக்காது. கேட்ட பொருளைத் தானே வாங்கி, அது கைக்கு வந்த பிறகுதான் தவணைக்கு விற்கும். அன்று பிளவுஸ் தைக்கும் ஓர் அக்காவுக்குத் தையல் மெஷின்.

என் மனமோ ஹரோவில். அங்கே ஒரு கிடங்கில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை கிடைத்திருந்தது. நாலு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு ஒருதரம் போனைப் பார்த்தேன். கடைக்குப் போகிற வழியில்தான் அக்கா வீடு. விற்பனைக் கடதாசியில் முதலே கையெழுத்தை வாங்கினால், பிறகு மெஷினை இறக்கிவிட்டு ஓடலாமே! அப்படியே செய்தேன்.

அலுவலகத்தில் மேலாளர் கடதாசியைப் பார்த்தார். மன்னார் முஸ்லிம் பெண், அமைதியானவர். கையெழுத்து பத்து மணிக்கு, கடை ரசீது பன்னிரண்டுக்கு. நேரத்தை மாற்றி எழுத எனக்குத் தோன்றவில்லை. பொய் எழுதவும் கொஞ்சம் படிப்பு வேண்டும்.

"எங்கட கைக்கே வராத பொருளை எப்பிடித் தம்பி வித்தனீர்? இந்த விற்பனை செல்லாது. வாரும், திரும்பப் போவம்."

எங்களைக் கண்டதும் தையல் அக்கா பதறினார்.

"ஐயோ, மெஷினைத் திருப்பி எடுக்கப் போறியளோ? நத்தார் பண்டிகைக்கு ஒன்பது பிளவுஸ் தைக்கக் கிடக்கு!"

"இல்லையம்மா, கடதாசியிலை எங்கட பிழை. திருப்பி எழுதித் தாறம்," என்றார் மேலாளர். என் பக்கம் பார்க்கவேயில்லை.

என் வாய்தான் சும்மா கிடக்காதே. "எங்கட இல்லை அக்கா, என்ரை பிழை."

தையல் அக்கா சிரித்துவிட்டார். "போன கிழமை நான் ஒரு பிளவுஸுக்கு ரெண்டு இடக்கை தைச்சனான். இரும், தேத்தண்ணி குடியும்."

பழைய கடதாசியைக் கிழித்து, மெஷினை எங்கள் கைக்கு எடுத்து வேனில் ஏற்றி, மறுபடி இறக்கி, புதிதாக விற்றோம். மெஷினின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கியவர் மேலாளர்தான்.

திரும்பும்போது மணி நாலு ஆகவில்லை.

"உமக்கு வேறை வேலை கிடைச்சதெண்டு தெரியும். சம்பளம் கூட்ட எனக்கு ஏலாது," என்றார்.

"மெஷின் தூக்கினதிலை இடுப்பு நோகுதக்கா. புது வேலைக்கு ஏலாது," என்றேன்.

இன்றும் வேலை விளம்பரம் பார்க்கிறேன், கால் பரபரக்கிறது. ஆனால் என் பிழையைத் தன் வாயால் 'எங்கட' என்று சொன்ன ஆளை விட்டுப் போக மட்டும் மனம் வரவில்லை.