திருவலைச் சின்னத்தில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் தேர்தலில் நிற்கிறார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவள், சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண். அன்புவழிபுரத்தில் என் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. அவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க, நான் அளவு நாடாவைச் சுற்றிப் பிடித்திருந்தேன்.

"அக்கா, சந்திச் சுவரில அண்ணன்ர படம் ஒட்டிக் கிடக்கு," என்றாள்.

மரண அறிவித்தல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான், மனிதர் பின்வளவில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பது நினைவுக்கு வந்தது.

"உயிரோட இருக்கிற ஆளுக்கு ஏனடி படம்?"

"வோட்டுக் கேக்கிற படம் அக்கா. திருவலைச் சின்னம்."

அளவு நாடா கழுத்தில் தொங்க, அவளை அப்படியே நிற்கவிட்டுச் சந்திக்கு ஓடினேன். சுவரொட்டியில் ஏழு முகங்கள். நடுவில் சுயேச்சைக் குழுவின் தலைவர், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. கடைசி மூலையில் என் வீட்டுக்காரர், ஓய்வூதியத்துக்கு எடுத்த பழைய படத்தில் திருதிருவென்று முழித்துக்கொண்டு. அவர்களுக்குக் கீழே பெரிதாக ஒரு தேங்காய்த் திருவலை. கலியாணம் முடித்த நாள் முதல் ஒரு தேங்காய்ப் பாதியைக்கூடத் திருவித் தராத மனிதருக்கு இந்தச் சின்னம் எப்படி வாய்த்தது என்று, அந்தச் சுவரைப் பார்த்தே சத்தமாகக் கேட்டேன். முச்சக்கர வண்டிக்காரர் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் ஏன் அவ்வளவு சிரித்தார்கள் என்று விளங்க வேண்டுமென்றால், தேர்தல் காலத்தில் நான் யார் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு நாள் காலையிலும் தையல் மெஷினில் உட்கார முதல், நான் கைபேசியில் அரசியல் பேசிப் பதிவு செய்து ஊர்க் குழுமத்துக்கு அனுப்புவேன். அது அங்கிருந்து கப்பல்துறைக்குப் போகும், கிளிவெட்டிக்குப் போகும், கனடாவில் இருக்கிற சொந்தங்கள் வரைக்கும் போகும். "இண்டைக்கு அக்கா என்ன சொல்லுறா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் பல்லே விளக்குவார்கள். நான் பழைய ஆள். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. இலவசமாகத் தருகிறேன் என்று எவன் சொன்னாலும், அது யாருடைய காசு என்று முதலில் கேள் என்பேன். மாற்றம், மாற்றம் என்று கத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். சட்டை இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்து இளக்கித் தைக்கலாம். சட்டையையே கிழித்து எறி என்கிறவனிடம் வேறு துணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

அந்த முறை தெற்கிலிருந்து ஒரு புதுக் கட்சியின் அலை அடித்தது. ஜனாதிபதித் தேர்தலில் வென்ற சூட்டோடு அவர்கள் பாராளுமன்றத் தேர்தலுக்கும் வந்தார்கள். திருடர்களைப் பிடிப்போம் என்றார்கள். பிடியுங்கோ, நானும் கைதட்டுகிறேன் என்றேன். ஆனால் எங்கள் மாவட்டத்தில் தமிழர் ஒருவரைப் பாராளுமன்றம் அனுப்புவதென்றால், எங்கள் வாக்கு ஒரு பக்கமாக விழ வேண்டும். கொஞ்சம் சிதறினாலும் எங்களுக்கு இருக்கிற அந்த ஒரு பாராளுமன்றக் கதிரையும் போய்விடும். பிறகு காணிப் பிரச்சினை, கடலில் வலைப் பிரச்சினை என்று வந்தால் யாருக்குப் போன் எடுப்பது? இதைத்தான் நான் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய கட்சிக்கே போடுங்கோ, சுயேச்சைக் குழு என்று வருகிறவனை வாசல்படி மிதிக்க விடாதேங்கோ என்று, சுவரொட்டியைக் காண்பதற்கு முதல் நாள் காலையில்தான் தொண்டை கிழியப் பேசியிருந்தேன். அந்த நேரம் அப்படி ஒரு குழுவின் ஏழாவது ஆள் என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து, சம்பலோடு பாண் தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த எஞ்சின் சத்தத்துக்குள் கதைத்துப் பயனில்லை என்பதால், வாழ்நாள் முழுக்கவே வாயைத் திறக்காமல் பழகிவிட்டார்.

"பட்டியலுக்கு ஒரு ஆள் குறையுது எண்டாங்கள். பேர் கேட்டாங்கள். குடுத்தனான்," என்றார்.

"என்னட்ட ஒரு சொல் கேட்டனீங்களோ?"

"கேட்டால் நீர் ஓம் எண்டிருப்பீரோ?"

வேட்புமனுக் கொடுத்த பிறகு பெயரை எடுக்கவும் ஏலாது. என் முகத்தில் கரி பூசியாகிவிட்டது. ஆனால் நான் ஒளிந்து இருக்கிற ஆள் இல்லை. அடுத்த நாள் காலையில் கைபேசியை எடுத்தேன்.

"அன்பான சனங்களே, திருவலைச் சின்னத்தில நிக்கிற ஏழாவது ஆள் என்ர மனிசன். அவருக்குப் போடாதேங்கோ. சந்தைக்கு அனுப்பினால் எந்த மீன் வாங்கிறது எண்டு தெரியாமல் வெறும் பையோட வாற ஆள். வீட்டு பல்ப் எரிஞ்சுபோனால் அதை மாத்திறதா விடுறதா எண்டு ஒரு கிழமை யோசிப்பார். நல்ல மனிசன். கலியாணம் கட்டலாம். எம்.பி. ஆக்க ஏலாது."

இதோடு விஷயம் முடிந்தது என்று நிம்மதியாக மெஷினை மிதித்தேன். எங்கே முடிந்தது! அந்தப் பதிவு காட்டுத்தீ போலப் பரவியது. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவருகிற கிண்ணியாக்காரர் வாசலிலேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, எங்கட வீட்டுப் பொம்புளையள் எல்லாம் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்குறாங்க. இந்தாங்க, நானே நல்ல பாரை மீனாப் பாத்து எடுத்துத் தாறன். உங்கட மாப்பிள்ளைய இனிச் சந்தைக்கு அனுப்பாதீங்க."

அதற்கு நானும் சிரித்தேன். மத்தியானம் கிளிவெட்டியிலிருந்து கலியாணச் சட்டை எடுக்க வந்த பெண் சொன்னதைக் கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது.

"அக்கா, எங்கட வயல் பக்கத்தில கனபேர் திருவலைக்குத்தான் போடப் போகினம். பாவம் அந்த மனிசன், வீட்டிலயும் ஏச்சு, வெளியிலயும் ஏச்சு எண்டு கதைக்கினம்."

சந்தியில் அநாதையாகக் கிடந்திருக்க வேண்டிய ஒரு குழுவை நானே தூக்கி ஊர் ஊராகக் காட்டியிருக்கிறேன்! குழுத் தலைவர் கெட்டிக்காரன். இரண்டு நாளைக்குள் புதுச் சுவரொட்டி வந்தது. இப்போது நடுவில் என் வீட்டுக்காரர், பெரிய முகமாக. "வீட்டில் கேட்காத குரல், நாட்டில் கேட்கட்டும்" என்று கீழே எழுத்து. கடைசிக் கூட்டத்தில் அவரே முக்கிய பேச்சாளர் என்றும் போட்டிருந்தார்கள். எங்கள் கதிரை கொஞ்ச வாக்கில் பறிபோனால், அதைப் பறித்தது என் வாய்தான் என்று இந்த மாவட்டம் காலம் முழுக்கச் சொல்லும். எனக்கு அழுகையே வந்தது. ஏசினால் அவருக்கு வாக்குக் கூடுகிறது. ஏசாமல் எனக்குப் பேசவும் தெரியாது.

அடுத்த நாள் காலை குசினிக்குள் போனேன். அங்கே என் வீட்டுக்காரர் திருவலையில் குந்தி இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். குழுக்காரர் படம் எடுக்க வருகிறார்களாம், அதற்குப் பழகுகிறாராம். சிரட்டையும் சேர்ந்து சுரண்டப்பட்டு, தட்டில் விழுந்த தேங்காய்ப் பூவெல்லாம் மண்ணிறமாகக் கிடந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் இருந்தேன்.

"இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

அவர் திருவுவதை நிறுத்தினார்.

"எல்லாரும் அரசியல் கேக்க உம்மட்டத்தான் வாறவை. என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேட்டதில்லை. அண்டைக்கு அந்தத் தலைவர் வந்து, 'ஐயா, நாடு போற போக்கைப் பற்றி என்ன நினைக்கிறியள்?' எண்டு கேட்டார். எனக்குச் சந்தோசமாப் போச்சு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சொல்ல வாய் திறக்க முந்தி கடதாசியை நீட்டிப்போட்டார்."

எனக்கு அந்தத் தலைவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கேட்டதுதான் கேட்டான், பதிலையும் கேட்டிருக்கக் கூடாதா!

"சரி," என்றேன். "எனக்குச் சொல்லுங்கோ. நாடு போற போக்கைப் பற்றி என்ன நினைக்கிறியள்?"

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு சொன்னார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு குறுக்கே பேசாமல் இருந்தேன். அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் வற்றியது. அதுவரைக்கும் அவர் பேசினார். அவர் பேசி முடித்தபோது, என்னைவிடப் பழைய ஆள் ஒருவர் இத்தனை காலமும் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார் என்று கண்டுகொண்டேன்.

"இதை அப்பிடியே மேடையில சொல்லுவியளோ?"

"குழுக்காரர் என்னைக் கொண்டுபோடுவாங்கள்."

"மைக் உங்கட கையில இருக்கேக்க அவங்கள் என்ன செய்ய ஏலும்?"

அவர் திரும்பவும் தேங்காயைத் திருவத் தொடங்கினார். ஆனால் கடைசிக் கூட்டத்தன்று பின்னேரம், குழு கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். கொலர் ஒரு பக்கம் கோணி, தோள் இறங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. எதிர்க்கட்சியாக இருந்தாலும் என் வீட்டு ஆள் இந்தக் கோலத்தில் மேடை ஏற நான் விடுவேனா? கழற்றி வாங்கி, கொலரைப் பிரித்துத் தைத்து, தோளை ஏற்றிக் கொடுத்தேன். போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். "நல்லாயிருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கடற்கரையில். நல்ல சனம். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் இரண்டு மூன்றும் வழக்கம்போல நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தன. நான் பின்னுக்கு, கடலைக்காரியின் வண்டிலோடு ஒட்டி நின்றேன். தலைவர் பெரிதாக வாழ்த்தி மைக்கைக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் மைக்கை வாங்கி, எஞ்சின் அறையில் கதைப்பது மாதிரி முழுப் பலத்தோடு கத்தினார். ஒலிபெருக்கிப் பெட்டி கீச்சிட்டது. மான்கள் ஓடிவிட்டன.

"நான் இழுவைப் படகில வேலை செய்தனான். பெரிய கப்பலை உள்ளுக்குக் கொண்டு வாறதெண்டால் எல்லாப் படகும் ஒரு பக்கமா இழுக்கோணும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் கப்பல் பாறையில ஏறும். எங்களுக்கு இருக்கிறது ஒரு கதிரை. அதுக்கு எத்தினை பேர் இழுக்கிறம் பாருங்கோ!"

தலைவருக்கு இன்னும் விளங்கவில்லை. தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"பழைய கட்சிக்காரர் நல்லவங்கள் எண்டு என்ர மனிசி சொல்லுவா. நான் சொல்ல மாட்டன். ஆனால் அவங்கள் பிழை விட்டால், வாசல்ல போய் நிண்டு தமிழில ஏசலாம். கொழும்பில இருக்கிறவனை எங்க போய் ஏசுறது? ஏச்சு வாங்கக்கூடிய ஆளுக்குப் புள்ளடி போடுங்கோ. எனக்குப் போடாதேங்கோ. எனக்கு ஏசுறதுக்கு வீட்டில ஆள் இருக்கு."

கடற்கரை அதிர்ந்தது. சிரிப்பும் கைதட்டும் விசிலும்! தலைவர் மைக்கைப் பறிக்கப் பார்த்தார். இவர் கொடுக்கவில்லை. "நன்றி, வணக்கம்," என்று ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் கொடுத்தார். நான் எத்தனையோ தேர்தலில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். பழைய கட்சிக்காக இவ்வளவு நல்ல பேச்சை அந்தக் கட்சிக்காரர்களே பேசினதில்லை. கடலைக்காரி என் கையில் ஒரு சுருள் கடலையைத் திணித்து, "அது உங்கட ஆள் எல்லோ?" என்றாள். ஓம், ஓம் என்று நான் சொன்ன சத்தத்தில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

வாக்களிக்கும் நாள் நாங்கள் இருவரும் முழுகிக் கோயிலுக்குப் போய்விட்டு, கதவு திறக்கும்போதே வரிசையில் நின்றோம். அடுத்த நாள் முடிவு வந்தது. நாடு முழுக்க அலை அடித்து முடிந்திருந்தது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் எங்கள் கதிரை எங்களிடமே இருந்தது. தெருவில் வெடி கொளுத்தினார்கள். ஒன்றிரண்டு பேர் என் வீட்டு வாசலிலும் வந்து கொளுத்தினார்கள். நான் மெஷினை மூடிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். ஜெயித்த சந்தோசத்தில் சீனியை அள்ளிப் போட்டுவிட்டேன்.

தொலைக்காட்சியில் கடைசி வரியில் திருவலைக் குழுவின் வாக்கும் வந்தது. கொஞ்சந்தான். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அவ்வளவு சொல்லியும் இத்தினை பேர் உங்களுக்குப் போட்டிருக்கினமே. அறிவு கெட்ட சனம்."

அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அதில ஒண்டு உம்மட வோட்டு இல்லைத்தானே?"

"செத்தாலும் போட்டிருக்க மாட்டன்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. எஞ்சின் அறைக் குரலில், கோப்பை தளும்பி மடியில் சிந்திய பிறகும் நிறுத்தாமல் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணனுக்கு என்ன நடந்தது?"

"வெண்டுபோட்டார். அதுதான் சிரிக்கிறார்."

"அவர் தோத்தவரெல்லோ?"

"உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, நான் அவருடைய கோப்பைக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.