ஃபைபர் சரியில்லை

நல்லசாமி 1943 மார்ச் மாதம், மலாயாவில் லிங்கிக்கு அருகே எங்கள் தோட்டத்தின் ஏழாம் நம்பர் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். பிறப்புப் பத்திரத்தில் தேதி 9 என்றும் தோட்டத்துப் பதிவேட்டில் 11 என்றும் இருக்கிறது. எது சரி என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு நாளும் பொறந்தேன்னு எழுதிக்குங்க, கிராணி ஐயா" என்றார்.

பதினாறு வயதில், ரப்பர் தாள்களைப் புகைபோட்டு உலர்த்தும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தோட்டம் செம்பனைக்கு மாறி, 1978இல் எண்ணெய் ஆலை வந்ததும் பாய்லர் பக்கம் போனார். பாய்லர் ஓட்டும் சான்றிதழுக்கு 1980இலும் 1981இலும் பரீட்சை எழுதித் தோற்றார். 1983இல் தேறினார். அன்று அவர் மனைவி பஞ்சாலை ஒரு பெரிய சட்டி கேசரியோடு ஆலைக்கே வந்துவிட்டார்.

"இவருக்கு மலாய்ல நாலு எழுத்து எழுதத் தெரியாதுன்னு சொன்னாங்களே, அவங்களுக்கு ரெண்டு கரண்டி கூடவே வைங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். எனக்கும் இரண்டு கரண்டி கிடைத்தது.

நான் ஆலையின் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவன். பாய்லர் அடுப்பின் வெப்பத்தை அரை மணிக்கு ஒருமுறை குறிப்பேட்டில் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. அடுப்பில் எரிவது, பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நார். அதை ஆலையில் யாரும் நார் என்று சொல்வதில்லை, ஃபைபர் என்போம். ஃபைபர் மழையில் நனைந்தால் அடுப்பு சூடேறாது. அப்போது உடைத்த கொட்டை ஓட்டை, எங்கள் பேச்சில் ஷெல்லை, கூடுதலாகத் தள்ள வேண்டும். ஓடு மிகுந்த சூட்டோடு எரியும்.

வெப்பத்தை அளக்க வைத்திருந்த உலோகக் கம்பிகள் மூன்று நான்கு மாதத்தில் கருகிப்போயின. அதனால் 1991 நவம்பரில் புதிய இஞ்சினியர் வேறொரு கருவியைக் கொண்டுவந்தார். அது தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. உறைக்குள் வைத்து அடுப்புக்குள் நீட்டினால், முனையில் தோன்றும் ஒளி இழை வழியே வெளியிலுள்ள பெட்டிக்கு ஓடிவரும். பெட்டி அதை எண்ணாகக் காட்டும். நல்லசாமி நெருப்பைப் பார்க்கும் துளையில்தான் அதைப் பொருத்தினார்கள்; துளை அடைபட்டது. இஞ்சினியர் அதையும் ஃபைபர் என்றுதான் சொன்னார்.

"நாம ஃபைபரைப் போட்டு எரிக்கிறோம், இவரு ஃபைபரை வெச்சு அளக்கிறேங்கிறாரு. தங்கராஜு மறதியா அதையும் அள்ளி உள்ள போட்டுறப் போறான் லா" என்றார் நல்லசாமி.

எரிபொருள் தள்ளும் தங்கராஜு விடவில்லை. "அது பத்திரமா இருக்கும் மாமா. நீங்க மொதல்ல உங்க மீசையைப் பாத்துக்குங்க, இந்தப் பக்கம் ஏற்கெனவே பொசுங்கிக் கெடக்கு."

1992 ஆகஸ்டு 11, செவ்வாய்க்கிழமை. காலையில் மழை. பகல் இரண்டு மணிக்குப் பெட்டி 880 டிகிரி காட்டியது. இரண்டரைக்கு 690. அடுப்பின் இரைச்சலில் எந்த மாற்றமும் இல்லை. இஞ்சினியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். இழையின் முனையில் கரி படிந்திருக்கும், எண்ணை நம்ப வேண்டாம், மாலையில் வந்து பார்க்கிறேன் என்றார். குறிப்பேட்டின் கடைசிப் பத்தி இரண்டு அங்குல அகலம்தான். அதில் "ஃபைபர் சரியில்லை, கவனிக்கவும்" என்று எழுதினேன். எடைமேடையில் பழ லாரிகள் காத்திருந்தன. எழுதிவிட்டேனே என்று அங்கே போய்விட்டேன்; அதன் பிறகு அரை மணிக் குறிப்புக்கும் திரும்பவில்லை.

மூன்று மணிக்கு நல்லசாமி வேலைக்கு வந்தார். குறிப்பைப் படித்தார். பெட்டியில் 670. ஃபைபர் நனைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஓட்டைக் கூட்டச் சொன்னார். எண் ஏறவில்லை. மேலும் கூட்டினார். நீராவி அழுத்தம் எல்லைக்குள்தான் இருந்தது. அடுப்பின் வெப்பம்தான் மீறிப் போயிருந்தது. 4.25க்குப் பழைய குழாய் ஒன்று வெடித்தது. தங்கராஜு ஓடு அள்ள வெளியே போயிருந்ததால் தப்பினார். நல்லசாமிக்கு உடம்பில் பாதிக்கு மேல் வெந்துவிட்டது.

மறுநாள் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். பஞ்சாலை கால்மாட்டில் நின்றிருந்தார்.

"ஐயா, ஃபைபர் ஈரம்னு நீங்கதான் எழுதியிருந்தீங்களே. நானும் ஷெல்லு போட்டேன். ஏறவே இல்லியே. எங்க தப்பு விட்டேன்?" என்று நல்லசாமி கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஈரம் என்று நான் எழுதவில்லை. எந்த ஃபைபர் என்றும் எழுதவில்லை.

"நீ ஒரு தப்பும் பண்ணல" என்றேன்.

"அப்ப ஏன் வெடிச்சுது?"

நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். வியாழனன்றும் போனேன். அன்றும் கேட்டார். அன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை 6.10க்கு இறந்தார்.

செப்டம்பர் 2ஆம் தேதி ஆலை அலுவலகத்தில் விசாரணை நடந்தது. குறிப்பேட்டை என் முன் வைத்து, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அந்தச் சொல்லுக்கு ஆலையில் இரண்டு பொருள் உண்டு, நான் பிரித்து எழுதாதது என் பிழை என்றும் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டார்கள். முடிவில், கருவி பழுது என்று எழுத்தில் எச்சரித்திருந்தும் பாய்லர்காரர் அலட்சியமாக நடந்தார் என்று எழுதினார்கள். அவர் அலட்சியத்துக்குச் சான்றாக என் வரியைத்தான் காட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பஞ்சாலையின் வீட்டுக்குப் போனேன். அவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

"ஆஸ்பத்திரியிலயே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"நெனவு தப்புற வரைக்கும் எங்க தப்பு விட்டேன், எங்க தப்பு விட்டேன்னு அதையேதான் கேட்டுக்கிட்டு கெடந்தாரு. நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

ஆமாம் என்றேன்.

"இதை எனக்கு எதுக்கு ஐயா சொல்றீங்க? அவருகிட்டல்ல சொல்லியிருக்கணும்."

நான் இன்னும் தொடாத தேநீரை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். சிறிது நேரம் காத்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை.